நெஞ்சுக்குள்ள நெறி கட்டினதுக்கு எடுத்த இயுஎஸ் டெஸ்ட் எப்படி இருந்துச்சு

அப்பாவோட சிடி ஸ்கேன்ல, மூச்சுக்குழாய் ரெண்டா பிரியுற இடத்துக்குக் கீழ லிம்ப் நோட் பெருசா இருக்குன்னு வந்துச்சு. கழுத்துலயோ அக்குள்லயோ நெறி கட்டினா தொட்டுப் பாத்து வெளியிலிருந்தே ஊசி போட்டு சாம்பிள் எடுத்துடலாம், இது இதயத்துக்குப் பின்னாடி, அங்க எப்படிப் போறது? அதுக்குத்தான் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட், சுருக்கமா இயுஎஸ். எண்டோஸ்கோப் குழாயோட நுனியிலயே ஒரு குட்டி அல்ட்ராசவுண்ட் இருக்கு, அத வாய் வழியா உணவுக்குழாய்க்குள்ள விட்டா நோட் சுவருக்கு அந்தப் பக்கம் ஒட்டினாப்புல தெரியும், அதே குழாய் வழியா ஊசி விட்டு சாம்பிளும் எடுத்துடலாம், நெஞ்சைக் கிழிக்க வேணாம்.

படத்துல நாலு விஷயம் பாக்குறாங்க: நோட் 10 மில்லிமீட்டருக்கு மேல இருக்கா, உருண்டையா இருக்கா, ஓரம் வெட்டினாப்புல தெளிவா இருக்கா, உள்ள கறுப்பா ஒரே மாதிரி இருக்கா. நாலும் இருந்தா கேன்சரோன்னு சந்தேகம் கூடும். ஆனா கேன்சர் நோட்லயே நாலும் ஒண்ணா தெரியுறது கொஞ்சம் பேருக்குத்தான், டிபி நோட்டும் கிட்டத்தட்ட அதே மாதிரி தெரியலாம். அதனால படத்த மட்டும் பாத்து யாராவது முடிவு சொன்னா தயவுசெஞ்சு பயந்துடாதீங்க, நிம்மதியும் ஆகிடாதீங்க, ஊசி எடுத்து லேப் சொல்றதுதான் பேச்சு.

டெஸ்ட் அன்னிக்கு 6 மணி நேரம் சாப்பிடாம இருக்கணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்குறவங்க முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடணும், நீங்களா நிறுத்தக் கூடாது. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தொண்டைல மரத்துப் போற ஸ்ப்ரே அடிச்சு, தூங்க மருந்து குடுத்தாங்க, அப்பாவுக்கு நடந்தது எதுவுமே ஞாபகம் இல்ல. தொண்டை கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல. ரத்தக்கசிவு, இன்ஃபெக்‌ஷன், ஓட்டை விழுறதுன்னு ரிஸ்க் இருக்கு, ஆனா அபூர்வம்.

முடிஞ்சதும் டாக்டர் பதிவு பண்ணின வீடியோவ போட்டுக் காட்டினாங்க. கறுப்பா ஒரு உருண்டை, அதுக்குள்ள வெள்ளைக் கோடா ஊசி போய்ப் போய் வருது, பக்கத்துலயே ரத்தக்குழாய் கலர்ல துடிச்சுட்டு இருக்கு, ஊசி அதத் தொடாம ஒதுங்கிப் போகுது. அந்தக் கை நிதானத்துக்காகவே முழு மார்க் குடுக்கலாம்.

குறைன்னா ஒண்ணு. எடுக்குற சாம்பிள் எந்தெந்த டெஸ்டுக்குப் போகுதுன்னு அங்க யாரும் தானா சொல்லல. எங்க நெஞ்சு டாக்டர் முன்னாடியே "டிபி கல்ச்சருக்குத் தனியா சலைன்ல எடுக்கச் சொல்லுங்கம்மா"ன்னு சொல்லி அனுப்பியிருந்ததால நான் கேட்டேன் (கல்ச்சர்னா லேப்ல கிருமிய வளத்துப் பாக்குறது), இல்லன்னா மொத்தமும் ஃபார்மலின் பாட்டில்லயே போயிருக்கும், அதுல கிருமி செத்துடும், கல்ச்சர் வைக்கவே முடியாது. லிம்போமா, அதாவது நெறியிலயே வர்ற கேன்சர், சந்தேகம் இருந்தாலும் இதே கதைதான், வெறும் செல் பத்தாது, கொஞ்சம் தடிமனான ஊசியில சதையாவே எடுக்க முடியுமான்னும், செல்லோட வகைய பிரிச்சுப் பாக்குற ஃப்ளோ சைட்டோமெட்ரிக்குத் தனியா எடுப்பாங்களான்னும் முதல்லயே கேட்டுடுங்க.

இன்னொண்ணு, இதால எல்லா நோட்டையும் எட்ட முடியாது. மூச்சுக்குழாய்க்கு வலது பக்கம், முன் பக்கம் இருக்குறதெல்லாம் நடுவுல காத்து இருக்குறதால சரியா தெரியாது, அதுக்கு இதே மாதிரி அல்ட்ராசவுண்டோட மூச்சுக்குழாய் வழியா போற ஈபஸ் டெஸ்ட் வேணும். வயித்துக்குள்ள கணையம், கல்லீரல் பக்கத்துல இருக்குற நோட்டுக்கு இயுஎஸ் ரொம்பவே நல்லது. ஊசி ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்தாலும் சந்தேகம் பலமா இருந்தா திரும்ப எடுக்கணும்னு சொல்வாங்க, அது டாக்டர் பணம் பிடுங்குறதுன்னு நினைக்காதீங்க, ஊசி நல்ல இடத்துல படாமப் போறது உண்டு.

அப்பாவுக்கு ஜீன்எக்ஸ்பர்ட்ல (டிபி கிருமியோட மரபணுவ சீக்கிரமா கண்டுபிடிக்கிற டெஸ்ட்) டிபின்னு வந்து மாத்திரை ஆரம்பிச்சாச்சு. கல்ச்சர் ரிப்போர்ட் வர 6 வாரம் வரைக்கும் ஆகலாம், எந்த மருந்து கேக்கும் எது கேக்காதுன்னு முழுசா அதுலதான் தெரியும், அதனால முதல் ரிசல்ட் கைக்கு வந்ததும் விட்டுடாம லேப்ல கேட்டு அதையும் வாங்கிடுங்க.