அந்த 86 எந்தத் தேதியின் 86? மதிப்பெண் பக்கங்களோடு பல ஆண்டுகள்

சைபர்பங்க் 2077 என்ற வீடியோ கேமின் விலை குறைந்திருக்கிறது, விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டி நூற்றுக்கு ஒரே எண்ணாகக் காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 86 இருக்கிறது, நம்பி வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வாங்கலாம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அவர் நம்பத் தயாராக இருந்தது விளையாட்டை அல்ல, அந்த 86ஐ. வீடியோ கேம் எதை வாங்கினாலும் முதலில் மதிப்பெண் பக்கத்தைத் திறந்து பார்ப்பது என் நெடுநாள் பழக்கம். அதனால் கிடைத்த நன்மையும் பட்ட எரிச்சலும் நிறைய. அவருக்குச் சொன்னதை விரிவாக இங்கே எழுதுகிறேன்.

அந்த 86 எப்படி வந்தது என்று பாருங்கள். விளையாட்டு வெளியானது 2020 டிசம்பர் 10. அதற்கு முன் விமர்சகர்களின் கைக்குப் போனது கணினிப் பதிப்பு மட்டும்தான். தாங்கள் விளையாடிப் பதிவு செய்த காட்சிகளை வெளியீட்டுக்கு முன் காட்ட அவர்களுக்கு அனுமதி இல்லை. தயாரிப்பு நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. பிளேஸ்டேஷன் 4இல் வாங்கியவர்கள் கண்டது வேறொரு பொருள். அந்தப் பதிப்பின் மதிப்பெண் பிறகு 57இல் வந்து நின்றது. வெளியாகி ஏறக்குறைய ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் டிஜிட்டல் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. 2023 செப்டம்பரில் 2.0 புதுப்பிப்பு வந்தது. திறன்களை வளர்க்கும் முறை, காவல்துறை துரத்தும் விதம், வண்டியில் இருந்தபடி போடும் சண்டை எல்லாம் மாறின. இன்று கடையில் கிடைப்பது அந்த மாறிய விளையாட்டு. மதிப்பெண்ணோ பழைய விளையாட்டுக்கு உரியது. பழையதை யாராலும் இனி வாங்க முடியாது, அதன் மதிப்பெண் மட்டும் நல்ல எண்ணுக்குரிய பச்சைக் கட்டத்தில் இருக்கிறது.

பல ஆண்டுகளாக என்னை அரிக்கும் ஒரே குறை இதுதான். குழந்தை பிறந்த அன்று எடுத்த எடையை ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பதைப் போன்றது இது. மற்ற குறைகளை என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. உதாரணமாக, மெட்டாகிரிட்டிக் எல்லா இதழ்களையும் சமமாக எண்ணுவதில்லை. சிலவற்றுக்கு எடை அதிகம், எதற்கு எவ்வளவு என்று வெளியே சொல்வதும் இல்லை. அதைப் போன்ற இன்னொரு தளமான ஓபன்கிரிட்டிக் நேரடிச் சராசரி எடுக்கிறது. இரண்டுக்கும் இடையே பொதுவாக ஓரிரு புள்ளிதான் வித்தியாசம் வருகிறது, வாங்கும் முடிவை அது மாற்றியதில்லை. தேதிதான் மாற்றுகிறது.

நோ மேன்ஸ் ஸ்கை என்ற விளையாட்டு 2016 ஆகஸ்டில் வெளிவந்தபோது, வாக்குறுதி கொடுத்ததில் பாதி உள்ளே இல்லை என்று ஊரே கொதித்தது. பிளேஸ்டேஷன் 4 பதிப்புக்கு 71 கிடைத்தது. அன்றைக்கு அது நியாயமான எண்தான். அதன் பிறகு அதை உருவாக்கிய சிறு குழு இலவசமாகவே புதுப்பிப்பு மேல் புதுப்பிப்பாகக் கொடுத்தது. 2018இல் பலர் கூடி விளையாடும் முறை முழுமையாக வந்தது, 2019இல் தலையில் மாட்டும் திரையில் விளையாடும் விஆர் முறை வந்தது, அதற்குப் பிறகும் நிற்கவில்லை. ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையில் பயனர்களின் ஒட்டுமொத்த மதிப்பீடு 2024 நவம்பரில் 'மிகவும் நேர்மறை' என்ற நிலைக்கு ஏறியது. எட்டு ஆண்டு உழைப்பு. விமர்சகர் பக்கத்தில் இன்றும் 71. சுமார் என்று சொல்லும் அந்த மஞ்சள் கட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கும்போது கோபம் வருகிறது.

இதழ்கள் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டாலும் இந்த எண் அசையாது. 2013 மார்ச்சில் சிம்சிட்டி வெளிவருவதற்கு முன் பாலிகான் என்ற இணைய இதழ் அதற்குப் பத்துக்கு 9.5 கொடுத்தது. வெளிவந்ததும் சர்வர்கள் சரிந்தன. எப்போதும் இணையத்தில் இருந்தாக வேண்டிய விளையாட்டுக்குள் நுழையவே முடியவில்லை. பாலிகான் மதிப்பெண்ணை 8 ஆக்கியது, பிறகு 4 ஆக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு கேம்ஸ்பாட் என்ற மற்றோர் இதழ், நேச்சுரல் செலக்ஷன் 2 என்ற விளையாட்டைப் பற்றிய தன் மதிப்புரையில் தகவல் பிழைகள் இருந்ததால் அதையே விலக்கிக்கொண்டு, வேறொருவரை எழுத வைத்து 6ஐ 8 ஆக்கியது. இரண்டு இடத்திலும் மெட்டாகிரிட்டிக் முதலில் வந்த எண்ணையே வைத்துக்கொண்டது. ஓர் இதழின் முதல் மதிப்பெண்தான் கணக்கு என்பது அதன் விதி. விலக்கிக்கொள்ளப்பட்ட, பிழையான ஒரு மதிப்புரையின் எண் சராசரிக்குள் உயிரோடு இருக்கிறது என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

மெட்டாகிரிட்டிக் பக்க நியாயமும் தெரியும். மாற்ற இடம் கொடுத்தால் வெளியீட்டு நிறுவனங்கள் விமர்சகர்களின் கழுத்தைப் பிடிக்கும், அதைத் தடுக்கத்தான் இந்த விதி என்பார்கள். பொய்யில்லை. இந்த எண்ணில் பணம் தொங்குகிறது. 2010இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகஸ் விளையாட்டை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு 85 கிடைத்தால் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம் இருந்தது, கிடைத்தது 84. ஒரு புள்ளியில் அந்தத் தொகை கைநழுவியது. இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் இருக்கும் தொழிலில் விமர்சகரை நெருக்குவார்கள்தான். ஆனால் நெருக்கடிக்குப் பயந்து எண்ணைப் பூட்டினால், பூட்டிய தேதியையாவது எண்ணுக்குப் பக்கத்தில் போட வேண்டாமா? ஸ்டீம் 2016இலேயே கடந்த 30 நாள்களின் மதிப்பீட்டையும் ஒட்டுமொத்த மதிப்பீட்டையும் தனித்தனியாகக் காட்டத் தொடங்கிவிட்டது. ஒரு விளையாட்டு இப்போது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடுகிறது.

அதற்காகப் பயனர் மதிப்பீடுகள் உயர்ந்தவை என்று சொல்ல வரவில்லை. 2020 ஜூனில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 வெளிவந்த அன்றே, அத்தனை நீளமான விளையாட்டை முடித்திருக்கவே முடியாத நேரத்தில், பூஜ்யங்கள் மழையாகக் கொட்டின. அதற்குப் பிறகுதான் வெளியாகி 36 மணி நேரம் ஆகும்வரை பயனர்கள் மதிப்பெண் போட முடியாது என்று மெட்டாகிரிட்டிக் விதி கொண்டுவந்தது. கூட்டத்தின் கோபத்தைவிட ஒரு விமர்சகரின் நிதானம் எனக்கு மேல். ஆனால் கூட்டம் சில நேரம் விமர்சகர் பார்க்காததைப் பார்க்கிறது. 2025 பிப்ரவரியில் வந்த மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் விமர்சகர்களிடம் 80களின் உச்சியில் வாங்கியது. அதே நேரத்தில் கணினியில் அது திணறுகிறது என்று ஸ்டீமில் பயனர்கள் அதைக் 'கலவை' நிலைக்கு இறக்கினார்கள். இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொன்னது. ஒருவர் வேட்டையைப் பற்றிச் சொன்னார், மற்றவர் தன் கிராபிக்ஸ் கார்டைப் பற்றிச் சொன்னார். வாங்குபவருக்கு இரண்டும் வேண்டும்.

இது என் சொந்த வலியும்கூட. பெயர் வேண்டாம், ஒரு புகழ்பெற்ற தொடரின் விளையாட்டு, பளிச்சென்ற பச்சை எண். கன்சோல் பதிப்பைப் பற்றிய பாராட்டுகள் அவை. கணினியில் நான் வாங்கியது ஒவ்வொரு புதிய இடத்துக்குள் நுழையும்போதும் ஒரு கணம் உறைந்து நின்றது. சண்டைக்கு நடுவில் உறைந்தது. அமைப்புகளை எல்லாம் குறைத்தும் உறைந்தது. சரியாகிவிடும் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதற்குள் பணத்தைத் திரும்பக் கேட்கும் நேர வரம்பு போய்விட்டது. பல மாதங்கள் கழித்து வந்த ஒரு புதுப்பிப்பு அதைப் பெருமளவு சரிசெய்தது. இப்போது அது நல்ல விளையாட்டு, மனமாரச் சொல்கிறேன். ஆனால் நான் வாடிய அந்த மாதங்களும் தெரியாது, பிறகு வந்த சீர்திருத்தமும் தெரியாது, அந்த எண்ணைப் பார்த்தால்.

பாராட்டையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கங்கள் இல்லையென்றால் நான் தொட்டிருக்கவே மாட்டேன் என்று சொல்லக்கூடிய விளையாட்டுகள் பல உண்டு. கிளேர் அப்ஸ்கர்: எக்ஸ்பெடிஷன் 33 ஒரு புதிய பிரெஞ்சு நிறுவனத்தின் முதல் விளையாட்டு, 2025 ஏப்ரலில் அது வந்தபோது அந்த நிறுவனத்தின் பெயரே எனக்குப் புதிது. மதிப்பெண் 90ஐத் தாண்டியதைப் பார்த்துத்தான் நின்று கவனித்தேன். முறை வைத்து ஆடும் சண்டையில் எதிரியின் அடியைத் தாளம் தவறாமல் தடுக்க வேண்டிய அந்த ஏற்பாடு எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி தந்தது. விளம்பரத்துக்குக் கோடிகள் இல்லாதவர்களுக்கு இந்தப் பச்சைக் கட்டம் ஒரு பெரிய துணை. அதை மறுப்பது நன்றிகெட்டதனம்.

அதைவிடப் பெரிய மகிழ்ச்சி நான் எதிர்பார்க்காத இடத்தில் கிடைத்தது. அது பட்டியலின் அடிப்பகுதி. எந்த விளையாட்டுக்கும் பக்கத்தின் உச்சியில் 100 கொடுத்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் எழுதுவது ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கீழே, 6 அல்லது 7 கொடுத்தவர்களிடம் போனால் காரணம் கிடைக்கும். எந்த இடத்தில் சலித்தது, எந்த அமைப்பு இரண்டாம் பாதியில் தளர்ந்தது, எந்தக் கதாபாத்திரத்தை எழுத்தாளர் பாதியில் கைவிட்டார் என்று அவர்கள் சொல்லியாக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கூட்டத்தோடு முரண்படுகிறார்கள். அந்தக் குறைகள் எனக்குக் குறைகளாகவே படாமல், அதற்காகவே வாங்கிய விளையாட்டுகள் உண்டு. 'மிக மெதுவாக நகர்கிறது, கையைப் பிடித்து அழைத்துச் செல்வதில்லை' என்று ஒருவர் 6 கொடுத்தால் எனக்கு அது அழைப்பிதழ். நல்ல விமர்சகர் எண்ணில் இல்லை, பத்திகளில் இருக்கிறார்.

எண் இல்லாமலே ஒரு பெரிய விளையாட்டு வந்தால் எப்படி இருக்கும் என்பதையும் 2025 செப்டம்பர் 4இல் பார்த்தோம். ஹாலோ நைட்: சில்க்சாங் வெளியானபோது முன்கூட்டிப் பிரதி எவருக்கும் தரப்படவில்லை. கூட்டம் தாங்காமல் கடைகளின் தளங்கள் முடங்கின. விமர்சகர்களும் எல்லாரோடும் சேர்ந்து அன்றுதான் தொடங்கினார்கள். சில நாள்களுக்கு எண் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பேச்சு மட்டும் இருந்தது. தொடக்கத்திலேயே பல எதிரிகளின் ஒரே அடி இரண்டு உயிரைப் பறிப்பது நியாயமா, ஓய்வு இருக்கைகள் ஏன் இவ்வளவு தூரத்தில் என்று ஆள்கள் உண்மையாகவே வாதிட்டார்கள். தொடக்கக் கட்டச் சண்டைகள் சிலவற்றை முதல் புதுப்பிப்பு சற்றுத் தளர்த்தியது. சீன மொழிபெயர்ப்பு மோசம் என்று சீன வாசகர்கள் ஸ்டீமில் கொதித்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் ஸ்டீம் மொழிவாரி மதிப்பீட்டைக் காட்டத் தொடங்கியிருந்தது, அதனால் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகவே தெரிந்தது. அந்த நாள்களில் நான் படித்த குறிப்புகளைப் போல உயிருள்ள விளையாட்டு விமர்சனத்தை அரிதாகவே படித்திருக்கிறேன். எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே பதிப்பை, ஒரே இடத்தில் தோற்றுக்கொண்டு எழுதினார்கள்.

நிறங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மெட்டாகிரிட்டிக்கில் திரைப்படத்துக்கு 61 வந்தால் பச்சை. விளையாட்டுக்கு 75 வர வேண்டும். 74 வாங்கிய விளையாட்டு மஞ்சளில் ஏதோ பழுதானதைப் போல நிற்கிறது. விமர்சகர்கள் விளையாட்டுகளுக்குத் தாராளமாகப் போடுவதால் கோட்டை மேலே தள்ளினார்கள் என்று புரிந்துகொள்கிறேன். ஆனால் கோடு மேலே போகப் போக 7 என்பது திட்டாகிவிட்டது. எட்ஜ் இதழில் 5 என்றால் நடுத்தரம்; அந்த இதழின் 6ஐ மற்றவர்களின் 6ஓடு கூட்டி வகுத்தால் கிடைப்பது எதைச் சொல்லும்? எனக்குப் பிடித்த விளையாட்டுகளில் பாதி மஞ்சளில் இருக்கின்றன.

இவ்வளவு பாராட்டிய பிறகு நான் சொல்லும் தீர்ப்பு சிலருக்கு முரணாகப் படலாம். படட்டும். மதிப்புரைகளைத் தொடர்ந்து படிப்பேன். அடிப்பகுதியிலிருந்து தொடங்கும் பழக்கத்தையும் விட மாட்டேன். ஆனால் அந்த இரண்டு இலக்க எண்ணை இன்றைய நிலையில் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணுக்குக் கீழே ஒரு வரி போதும்: இது இந்தத் தேதியில், இந்தப் பதிப்புக்கு, இந்தக் கருவியில் கொடுத்தது. வெளியான ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து, விருப்பமுள்ள இதழ்கள் இரண்டாம் மதிப்பெண் கொடுக்க ஒரு தனிக் கட்டம் வைக்கலாம். முதல் எண் அப்படியே இருக்கட்டும், அழிக்கச் சொல்லவில்லை. சரிந்து விழுந்த சைபர்பங்கும் தெரிய வேண்டும், எழுந்து நின்ற சைபர்பங்கும் தெரிய வேண்டும். அந்த வரி வரும்வரை, யார் கேட்டாலும் பச்சையைக் காட்டி எதையும் வாங்கச் சொல்ல மாட்டேன், மஞ்சளைக் காட்டி எதையும் தடுக்கவும் மாட்டேன்.