ஒகேனக்கல் ஒரு நாள் டூர், தலைக்கு 899: முன்பணம் கட்டும் முன் இதைப் படிச்சிடுங்க

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸாப் குழுக்களில் ஒரு விளம்பரப் படம் சுற்றுகிறது. பரிசல், அருவி, தட்டு நிறையப் பொரித்த மீன். கீழே, "ஒகேனக்கல் ஒரு நாள் டூர், பெரியவர் 899, குழந்தை 599, எல்லாம் சேர்த்து." போன் செய்தால் தமிழில்தான் பேசுவார்கள். "நம்ம ஜனம்தானேக்கா, நான் பாத்துக்கறேன்" என்ற ஒரு வார்த்தையில் பாதிப் பேர் விழுந்துவிடுகிறார்கள்.

எஜிபுரா, மடிவாளா பக்கத்திலிருந்து நான்கு குடும்பங்கள் இதை நம்பிப் போய் வந்தன. பெரியவர்கள் 8, குழந்தைகள் 6. பேசிய தொகை 10,786 ரூபாய். திரும்பி வந்து இறங்கும்போது கொடுத்திருந்தது 15,446. பரிசலில் ஒருவரும் ஏறவில்லை. இடையிலிருக்கும் 4,660 ரூபாய் எப்படிப் போனது என்று தெரிந்தால்தான் அடுத்தவர் தப்பிக்க முடியும். அதனால் ஒவ்வொன்றாக.

முதலில் வண்டி. படத்தில் இருந்தது மஞ்சள் போர்டு டெம்போ டிராவலர். காலை 5.30க்கு வருவதாகச் சொல்லி 7.15க்கு வந்தது வெள்ளை போர்டு வேன். இருக்கை 12, ஏறியவர்கள் 14, கூடவே 'கைடு' ஒருவர். அத்திப்பள்ளி தாண்டும் முன் டிரைவர் சொன்னது: "யாராவது நிறுத்திக் கேட்டா எல்லாரும் சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க." இதைக் கேட்ட இடத்திலேயே இறங்கியிருக்க வேண்டும். ஆனால் தூக்கக் கலக்கத்தில் ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓசூர் ரோட்டில் இறங்கி எங்கே போவது? அந்தத் தயக்கத்தை நம்பித்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது.

வெள்ளை போர்டு சொந்த உபயோகத்துக்கு மட்டும். அதை வாடகைக்கு ஓட்டுவது சட்டவிரோதம். அதைவிடப் பெரிய சிக்கல், விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதுவே காரணமாகிவிடும். வாடகை வண்டி என்றால் மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்து. மின்சார வண்டியானால் பச்சைத் தகட்டில் மஞ்சள் எழுத்து. முந்தின நாளே வண்டி நம்பரை வாங்கி எம்பரிவாகன் செயலியில் போட்டால் வாகன வகை, தகுதிச் சான்று எதுவரை, காப்பீடு எதுவரை என்று வந்துவிடும். இரண்டு நிமிட வேலை. "நம்பர் காலையிலதான் தெரியும்" என்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இதில் வேடிக்கை, அந்த வெள்ளை போர்டு வேனுக்கு 'தமிழ்நாடு பெர்மிட்' என்று 1,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். சொந்த வண்டிக்கு ஏது பெர்மிட்? வாடகை வண்டிக்குத்தான் மாநிலம் தாண்ட அனுமதி தேவை. அதற்கும் ரசீது உண்டு. வண்டி நம்பரும் எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்பதும் அதில் இருக்கும். போன வாரமே கட்டி, இன்னும் செல்லுபடியாகும் ரசீதுக்கு இன்றைக்கு ஏறியவர்களிடமும் வசூலிப்பது தனிக் கலை. ரசீதைப் பார்க்காமல் பெர்மிட் காசு கொடுக்கக் கூடாது.

அடுத்தது கிலோமீட்டர். விளம்பரத்தின் அடியில் எறும்பு சைஸில் "300 கி.மீ. வரை" என்று ஒரு வரி. பெங்களூரிலிருந்து ஒகேனக்கலுக்கு இரண்டு வழி. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, பென்னாகரம் என்று போனால் ஒரு பக்கம் சுமார் 180 கிலோமீட்டர். ஓசூரில் திரும்பி தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகக் காட்டுப் பாதையில் போனால் சுமார் 130. வண்டி போனதும் வந்ததும் அஞ்செட்டி வழி. கணக்கு எழுதியது தருமபுரி வழி: 360 கிலோமீட்டர், அதாவது கூடுதல் 60, கிலோமீட்டருக்கு 20 வீதம் 1,200 ரூபாய். டோல் என்று 640 வாங்கியதில் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியும் சேர்த்தி. அஞ்செட்டி வழியில் போகிற வண்டி அந்தச் சாவடியின் கண்ணிலேயே படாது.

ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டர் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டோல் பணம் பாஸ்டேக்கில் போனால் வண்டிக்காரர் போனுக்கு உடனே எஸ்எம்எஸ் வரும். அதைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையான வண்டிக்காரர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். ஒன்று நியாயமாகச் சொல்ல வேண்டும்: வெளியூர் வாடகையில் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 அல்லது 300 கிலோமீட்டர் என்று கணக்கிடுவது தொழிலின் வழக்கம், ஏமாற்று இல்லை. 120 கிலோமீட்டரில் முடிகிற நந்தி மலைக்கும் அதே கணக்குதான் போடுவார்கள். கிலோமீட்டரை எண்ணுவது வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்து ஷெட்டுக்கா, உங்கள் வாசலிலிருந்து வாசலுக்கா என்பதைத்தான் முன்பே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். டிரைவர் பேட்டா 600 ரூபாயும் 'எல்லாம் சேர்த்து' என்பதில் சேராது என்று திரும்பும் வழியில்தான் சொன்னார்கள்.

சாப்பாட்டிலும் கை வைத்தார்கள். மீன் சாப்பாடு பெரியவர்களுக்கு மட்டுமாம். குழந்தைத் தட்டு தனி, 120 வீதம் ஆறு தட்டுக்கு 720. அங்கே மீனை நாமே வாங்கிக் கொடுத்தால் குழம்பு வைத்து வறுத்துக் கொடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் காரம் குறைத்துப் போடச் சொல்லலாம். சமையல் கூலியை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமானது, பரிசல். போய்ச் சேர்ந்தது 11.40க்கு. அதற்கு முந்தின நாளே பரிசலுக்கும் அருவியில் குளிக்கவும் தருமபுரி மாவட்ட நிர்வாகம் தடை போட்டிருந்தது. நடத்துகிறவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்தை அளக்கிறார்கள். எத்தனை ஆயிரம் கன அடி என்று தமிழ்ச் செய்திகளில் அடிக்கடி வரும். ஜூன் முதல் அக்டோபர் வரை கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் திறந்தால், அடுத்த சில நாட்களில் ஒகேனக்கலில் தடை வரும். அதனால் புறப்படும் முந்தின இரவு அந்தச் செய்தியைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். "பரிசல் தடையானால் பரிசல் பங்கு திரும்பத் தரப்படும்" என்று ஒரு வரி எழுதி வாங்காமல் பணமும் கட்டாதீர்கள். இவர்களுக்குக் கிடைத்த பதில், "இயற்கைக்கு நாங்க என்னக்கா பண்றது?" முதலைப் பண்ணையையும் பூங்காவையும் சுற்றிக்காட்டி மூன்று மணிக்கு வண்டியைக் கிளப்பிவிட்டார்கள்.

பரிசல் ஓடுகிற நாளிலும் இடையில் வந்து கையைப் பிடிக்கிற தரகர்களை விட்டுவிட்டு டிக்கெட் கவுண்டருக்குப் போங்கள். கட்டணம் அரசு நிர்ணயித்தது. லைஃப் ஜாக்கெட் குழந்தை அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டி, பட்டைகளை இறுக்கிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் தண்ணீரில் பிள்ளை கீழே நழுவிவிடும். பெரியவர் ஜாக்கெட்டைக் கயிறு சுற்றிக் கட்டிக்கொடுத்தால் அந்தப் பரிசலில் ஏறவே வேண்டாம்.

இதே ஆட்களின் மைசூர் டூரிலும் கவனிக்க இரண்டு விஷயம். மைசூர் மிருகக்காட்சி சாலைக்குச் சாதாரணமாகச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, பன்னேருகட்டா பூங்காவுக்கும் அப்படியே. 'வார நாள் சலுகை' என்று செவ்வாயில் கூட்டிப்போனால் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் வரவேண்டும். இன்னொன்று, சோமநாதபுரம் கோயில், ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் அரண்மனை போன்ற தொல்லியல் துறைச் சின்னங்களில் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. 'குழந்தை என்ட்ரி' என்று வாங்குகிற காசு நேராகப் பாக்கெட்டுக்குப் போகிறது.

உண்மையில் மைசூருக்கு இவர்கள் தேவையே இல்லை. ரயிலில் 5 வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால் டிக்கெட் இல்லை. கர்நாடக அரசின் சாதாரண பஸ்களில் 2023 ஜூன் 11 முதல் பெண்களுக்கு இலவசம். ஆனால் அடையாள அட்டையில் கர்நாடக முகவரி வேண்டும், மாநிலம் தாண்டிப் போகிற பஸ்ஸில் செல்லாது. நம்மில் நிறையப் பேர் ஆதாரில் இன்னும் ஊர் முகவரியையே வைத்திருப்பதால் கண்டக்டரிடம் வாக்குவாதம் நடக்கிறது.

ஏற்கெனவே பணம் போனவர்களுக்கு: விளம்பரப் படம், பேசிய செய்திகள், யுபிஐ பரிவர்த்தனை எண், வண்டி நம்பர் நான்கையும் சேமியுங்கள். குழுவிலிருந்து உங்களை நீக்கும் முன் சாட்டை எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. புகார் என்றதும் "ரீஃபண்ட் அனுப்பறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று ஒரு செய்தி வரலாம். பணம் வாங்க யுபிஐ பின் எண் தேவையில்லை. போட்டுவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

அந்த நான்கு குடும்பங்களும் புகார் கொடுத்த பிறகு பழைய எண் அணைந்துவிட்டது. இப்போது அதே எழுத்து, அதே பொரித்த மீன் படம், வேறு பெயரில் ஏற்காட்டுக்கு 999 என்று சுற்றுகிறது. அடியில் அதே "300 கி.மீ. வரை". பெங்களூரிலிருந்து ஏற்காடு போய்வரவே 400 கிலோமீட்டருக்கு மேல்.