துண்டுச் சீட்டோடு மூன்று மாதம்: திருப்பாதிரிப்புலியூர் மளிகைக் கடை

வீட்டில் ஐந்து பேர். மாதச் சாமான் பில் எட்டாயிரத்தைத் தாண்டிய அன்று என் மாமியார்தான் ஆரம்பித்தார். "ஏசி கடைக்குப் போறதை ஒரு மூணு மாசம் நிறுத்திப் பாரும்மா." கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பான்பரி மார்க்கெட் பக்கம் அவருக்குப் பல வருடமாகப் பழக்கமான மளிகைக் கடை ஒன்று இருக்கிறது, பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது, வாசலிலேயே மிளகாய் மூட்டை தும்ம வைக்கும். மூன்று மாதமாக அங்கேதான் வாங்குகிறோம். முதல் மாதம் 6,450, அடுத்தது 6,200, போன மாதம் விருந்தாளி வந்ததால் 6,700.

ஆனால் விலை குறைவு என்பதால் மட்டும் இவ்வளவு மிச்சம் என்று சொன்னால் அது பொய். பழைய பில்களை எடுத்து ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன், ஒரே சாமானுக்கு விலை வித்தியாசம் மொத்தமாக ஐந்நூறு ரூபாய்தான் வருகிறது. மீதி ஆயிரத்துச் சொச்சம் எல்லாம் நான் எழுதிக்கொண்டு போகாத சாமான்கள்: இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்ற நூடுல்ஸ், பாத்ரூம் வாசனை வில்லை, பில் போடும் இடத்தில் என் பையன் எடுத்து வைத்த சாக்லேட். இந்தக் கடையில் சாமான் எல்லாம் கல்லாவுக்கு அந்தப் பக்கம். சீட்டை நீட்டினால் கடைக்காரர் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிப்பார், உள்ளே கடைப் பையன் கட்டிக் கொண்டுவந்து வைப்பான், அவ்வளவுதான். ஆசைப்பட்டுக் கை நீட்ட எதுவும் இல்லை.

அரிசி கதை தனி. 25 கிலோ மூட்டை 1,500 என்றார் கடைக்காரர், பக்கத்திலேயே 26 கிலோ மூட்டை 1,482. அதே ரகம், அதே மில். நான் ஏதோ பழைய அரிசி போல என்று சந்தேகப்பட்டேன். "வரிதாங்க்கா" என்று சிரித்தார். 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை லேபிள் ஒட்டிக் கட்டி வரும் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் போனால் கிடையாது, அதனால்தான் மில்காரர்கள் ஒரு கிலோ சேர்த்துக் கட்டுகிறார்கள். மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் பருப்புக்கும் அந்த வரி இல்லை. துவரம் பருப்பு பாக்கெட்டில் ஆஃபர் போக 148, இங்கே சில்லறையில் 128. அத்தை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து, ஒட்டுகிற மாவைப் பார்த்து, மோந்துவிட்டுத்தான் சரி என்பார். எனக்கு அந்த மூக்கு இன்னும் வரவில்லை.

எண்ணெயில்தான் இத்தனை நாள் ஏமாந்திருக்கிறேன். முன்பு போன சூப்பர் மார்க்கெட்டில் 142 ரூபாய் பாக்கெட்டை மலிவு என்று மூன்று மூன்றாக அள்ளி வருவேன். உற்றுப் பார்த்தால் அது 850 மில்லி, லிட்டர் கணக்குப் போட்டால் 167. இங்கே முழு லிட்டர் 155. சில பாக்கெட்டில் மில்லிக்குப் பதில் கிராம் மட்டும் பெரிதாகத் தெரியும், ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். எம்ஆர்பி பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு எவ்வளவு என்றும் போட்டிருப்பார்கள், கண்ணாடி போட்டுக்கொண்டாவது அதைப் படியுங்கள்.

ரேஷனையும் விடுவதில்லை. பருப்பு 30, பாமாயில் 25, சர்க்கரை 25 என்று வரும்போது அதை முதலில் வாங்கிவிட்டு, குறைவதைத்தான் சீட்டில் எழுதுகிறேன். காய்கறி உழவர் சந்தையில், காலையிலேயே. அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், பேரம் பேசத் தெரியாத என்னைப் போன்ற ஆட்களுக்கு அது பெரிய நிம்மதி.

கடையில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஒன்றாம் தேதியிலிருந்து ஐந்தாம் தேதி வரை அரை மணி நேரம் வேர்த்து விறுவிறுத்து நிற்க வேண்டும். பில் கிடையாது, சீட்டின் பின்பக்கம் பேனாவில் கூட்டிக் கொடுப்பார். வீட்டுக்கு அனுப்பியதில் ஒருமுறை அரைக் கிலோ கடலைப் பருப்பு வரவில்லை, போன் செய்தேன், மறுநாள் பையன் கொண்டுவந்து கொடுத்தான். சோப்பு, ஷாம்பு மாதிரி அயிட்டங்களில் விலை ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை, அதற்காக அங்கே போக வேண்டாம்.

ஒரு தப்பு என் பேரில். மொத்தமாக எடுத்தால் கிலோவுக்கு நான்கு ரூபாய் குறையும் என்றதும் ஐந்து கிலோ ரவை வாங்கினேன். இருபது ரூபாய் லாபம். மூன்றாவது வாரம் டப்பாவைத் திறந்தால் வண்டு நெளிகிறது, இரண்டு கிலோவைக் கொட்டினேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. இந்த மாதச் சீட்டில் மட்டும் "ரவை அரைக் கிலோ" என்று அவர் கையெழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.