சிகிச்சைக்கு ஐந்து நட்சத்திரம், கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஒன்று

அப்பாவின் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஒரு பொது மருத்துவமனையில் நடந்தது. மறுநாள் காலையிலேயே அவரை எழுப்பி நிற்க வைத்துவிட்டார்கள். 28 படுக்கைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்த இரவுச் செவிலியர், வலி என்று அப்பா முனகியபோதெல்லாம் வந்து பார்த்தார். எங்களிடம் ஒரு காசு கேட்கவில்லை. இதற்கு ஐந்து நட்சத்திரமும் கொடுப்பேன்.

ஆனால் அந்த நாளுக்காக 11 மாதம் காத்திருந்தோம். ஏழாவது மாதத்திலிருந்து குளியலறைக்குக்கூட அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போனார்.

அதனால்தான் மருத்துவமனை நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனேன். ஆளுக்கு 3 நிமிடம். இரண்டே கேள்விகள் கேட்டேன்: காத்திருப்போர் எண்ணிக்கையைத் துறைவாரியாக வெளியிடுவீர்களா? அறுவை அரங்கு மாலையில் ஏன் பூட்டிக் கிடக்கிறது? நான் முடிக்கும் முன்பே ஒருவர் எழுந்து, "தனியாருக்குத் தாரை வார்க்கப் பார்க்கிறீர்களா?" என்று கத்தினார். இன்னொருவரோ, "இதனால்தான் விற்றுவிடச் சொல்கிறோம்" என்று என் கேள்வியைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டார். மேடையில் இருந்தவர்கள், "குறித்துக்கொண்டோம்" என்றதோடு சரி.

கத்தியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் மகளுக்கு வாரம் 3 முறை அங்கேதான் டயாலிசிஸ். சீர்திருத்தம் என்ற பெயரில் எதை வெட்டுவார்களோ என்று அஞ்சுகிறார். பிரிட்டனில் 1948-ல் எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கி வைத்த அமைச்சர் அனூரின் பெவனே, பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் என்றதும் 1951-ல் அமைச்சரவையிலிருந்து விலகினார். அப்படிப்பட்ட அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் அந்தச் சண்டை ஊரறிய நடந்தது. எதற்குக் கட்டணம், ஏன் என்று வாதாட முடிந்தது.

இங்கேயோ வாயைத் திறந்தாலே விற்பனையா, துரோகமா என்று இரண்டே முத்திரைகள். ஜெர்மனி 1883 முதல், தொழிலாளரும் முதலாளியும் சந்தா கட்டும் சமூகக் காப்பீட்டு வழியில் போகிறது. தைவான் 1995-ல் எல்லோரையும் ஒரே பொதுக் காப்பீட்டின் கீழ் கொண்டுவந்தது. வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவ முறையோடு இவற்றை ஒப்பிட்டுப் பேசக்கூடவா கூடாது?

கூட்டம் முடிந்ததும் ஊழியர் ஒருவர் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தி, "மாலையில் மயக்க மருந்து கொடுக்க மருத்துவர் இல்லை. அதனால்தான் அரங்கு பூட்டிக் கிடக்கிறது. நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்" என்றார். இதை மேடையில் சொல்லியிருந்தால் அந்த இருவருமே உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்.