ஆற்றோரமா, மரத்தடியா: கூடாரத்துக்கு எந்த இடம்?

பொது முகாம் தளங்களில் இடம் தேர்ந்தெடுக்கும்போது பலரும் தடுமாறுவது இதில்தான். இரண்டிலும் பல இரவுகள் தங்கியிருக்கிறேன்.

குளிர்: ஆற்றோரத்தில்தான் அதிகம். இரவில் குளிர்ந்த காற்று கனத்து, தாழ்வான இடத்தில் வந்து தேங்கும். ஒருமுறை விடியற்காலையில் கூடாரத்தின் உட்புறமெங்கும் நீர்த்துளிகள் கோத்து நின்றன. கை பட்டதும் பொலபொலவென்று முகத்தில் உதிர்ந்தன. போர்வையின் கால்மாட்டுப் பகுதி நனைந்தே போயிற்று. மேட்டு மரத்தடியில் இலைக்கூரையே பாதிப் பனியைத் தடுத்துவிடும்.

கூடாரத்தின் ஆயுள்: வெட்டவெளியில் புற ஊதாக் கதிர்கள் நைலானை நைந்துபோகச் செய்யும். நிழலில் அந்தக் கவலை குறைவு, பறவை எச்சத்தைத்தான் துடைக்க வேண்டும்.

பாதுகாப்பு: மலையில் மழை பெய்தால் ஆறு இரவோடிரவாக ஏறும். மரத்தடியில் முதலில் அண்ணாந்து பாருங்கள். பட்ட கிளை தெரிந்தால் அந்த இடம் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் வசதி: ஆற்றோரத்துக்கே. ஆனாலும் பாத்திரம் கழுவ ஆற்றிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போங்கள். அந்த நீரில்தான் மீன்கள் வாழ்கின்றன.

கோடையில் ஓரிரவு நீரோசை கேட்டு உறங்க ஆற்றோரம். குழந்தைகளோடு சில நாள் தங்க, தயங்காமல் மரத்தடி.