நிஞ்ஜா ஸ்லேயர்: ஒரே ஜோக், 26 எபிசோடு

2015இல் டிரிக்கர் ஸ்டுடியோ எடுத்த அனிமே. மனைவியையும் மகனையும் பறிகொடுத்த ஃபுஜிகிடோ கென்ஜிக்குள் ஒரு நிஞ்ஜா ஆவி புகுந்துவிட, நியோ சைத்தாமா நகரத்தில் கண்ணில் படும் நிஞ்ஜாக்களை எல்லாம் கொல்லக் கிளம்புகிறான். கதை அவ்வளவுதான்.

சண்டைக்கு முன்னால் இரண்டு பேரும் மரியாதையாகக் குனிந்து, பெயர் சொல்லி வணக்கம் வைக்கிறார்கள், தோற்றவன் 'சயோனாரா!' என்று கத்திவிட்டு வெடித்துச் சிதறுகிறான். முதல் தடவை வயிறு வலிக்கச் சிரித்தேன். பாதி நேரம் அட்டையில் வெட்டிய பொம்மைகளை நகர்த்துகிற மாதிரித்தான் அனிமேஷன், அதுவும் வேண்டுமென்றே செய்த கிண்டல், திடீரென்று சில நொடி நிஜமான அனிமேஷன் வந்து அசத்தும், அப்புறம் மறுபடி அட்டைதான்.

ஆனால் எபிசோடுக்கு எபிசோடு அதே வணக்கம், அதே வெடி என்றால் எத்தனை தடவைதான் சிரிப்பது? பாதிக்கு மேல் கை தானாக ஃபோனைத் தேடுகிறது. யமோட்டோ கோக்கி என்ற பள்ளி மாணவி வரும் பகுதிகளில் கொஞ்சம் உயிர் இருக்கிறது. முடிவுப் பாட்டு எபிசோடுக்கு எபிசோடு மாறுகிறது, அதைத் தாண்டிவிடாதீர்கள், பல சமயம் எபிசோடை விட அதுதான் நன்றாக இருக்கிறது.

ஒரே மூச்சில் பார்க்கவே வேண்டாம், வாரம் ஒன்று போதும். இதே இயக்குநர் அமேமியா அகிரா, முன்பு 'இன்ஃபெர்னோ காப்' என்ற அனிமேயில் இதே மாதிரிக் கூத்தை மூணு நிமிஷ எபிசோடுகளில் முடித்துக்கொண்டார்.