பழைய கொம்பியூட்டருக்கு ஷெயார்வெயார் கேம்கள்: இன்டர்நெட் ஆர்கைவ் எந்தளவு உதவும்?

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பென்டியம் 4 ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால், அதற்குப் பொருத்தமானவை 1990களின் ஷெயார்வெயார் கேம்கள்தான். முதல் பாகத்தைப் பிரதியெடுத்துப் பகிர அந்தக் கம்பனிகளே அனுமதித்தன. மிச்சப் பாகங்களுக்குத்தான் காசு. இவற்றைத் தேட நல்ல இடம் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகம். அதன் எம்எஸ்-டோஸ் (விண்டோஸுக்கு முந்திய இயங்குதளம்) கேம் தொகுப்பு 2015 ஜனவரியில் திறக்கப்பட்டபோதே 2,000க்கு மேற்பட்ட கேம்கள் இருந்தன.

ஆனால் பிரவுசரிலேயே விளையாடும் வசதியை நம்ப வேண்டாம். பழைய டோஸ் கேம்களை ஓட்டும் டோஸ்பொக்ஸ் மென்பொருள் முழுவதையும் பிரவுசருக்குள் ஓட்டும்போது பழைய மெஷின் திணறும், சத்தம் விட்டுவிட்டு வரும். எக்ஸ்பியின் பிரவுசரில் தளமே திறக்காமலும் போகலாம். மெஷினின் திகதி 2002 என்று காட்டினால், மதர்போர்ட்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி முடிந்திருக்கிறது. திகதி பிழைத்தால் பாதுகாப்புச் சான்றிதழ் பிழை வரும். பேட்டரியை மாற்றித் திகதியைச் சரிசெய்யுங்கள்.

போனில் ஜிப் ஃபைலை இறக்கி யூஎஸ்பி வயரால் மாற்றுவதே சுலபம். மலைப்பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் பிரச்சினையில்லை: டூமின் ஷெயார்வெயார் 3 எம்பிக்குள் அடங்கும், கமாண்டர் கீன் அதைவிடச் சிறிது. ஃப்ளொப்பி இமேஜாக, அதாவது முழு டிஸ்க்கின் பிரதியாக, போடப்பட்டவற்றைத் தவிருங்கள், அவற்றை ஏற்றுவது வீண் வேலை. முழுக் கேமும் ஷெயார்வெயாரும் அங்கே கலந்தே கிடக்கின்றன. ஜிப்புக்குள் 'வெண்டர்' என்ற பெயரில் ஒரு குறிப்பு இருந்தால் திறந்து வாசியுங்கள். பகிரும் நிபந்தனைகள் அதில் எழுதியிருக்கும்.

கூடவே டோஸ்பொக்ஸ் 0.74-3 தேவை. எக்ஸ்பியிலும் ஓடும். கேம் ஃபோல்டரை டோஸ்பொக்ஸ் ஐகன் மேல் இழுத்துவிட்டால் அது சி டிரைவாக வந்துவிடும். டூமின் இன்ஸ்டாலரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது, டோஸ்பொக்ஸுக்குள்ளேயே ஓட்டுங்கள். சவுண்ட் செட்டப் கேட்டால் சவுண்ட் பிளாஸ்டர், போர்ட் 220, ஐஆர்கியூ 7, டிஎம்ஏ 1. மவுஸ் சிக்கிக்கொண்டால் கன்ட்ரோலும் எஃப்10உம். கேம் மெதுவானால் கன்ட்ரோலும் எஃப்12உம், தலைதெறிக்க ஓடினால் கன்ட்ரோலும் எஃப்11உம்.

எங்கள் தெரிவு: 1990இன் கமாண்டர் கீன் முதல் பாகம், பிள்ளைகளுக்கு. அதில் பீசி ஸ்பீக்கர் சத்தம் மட்டும்தான், செட்டப் தொல்லையே இல்லை. 1993இன் டூம் ஷெயார்வெயாரில் ஒன்பது லெவல்கள். ரத்தம் நிறைய, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பென்டியம் 4இல் தடங்கினால் எஃப்5 அழுத்திப் படத்தின் துல்லியத்தைக் குறைக்கலாம், கழித்தல் கீயால் திரையைச் சுருக்கலாம். ஒரே மெஷினைச் சுற்றிப் பலர் இருக்கும் வீட்டுக்கு 1991இன் ஸ்கோர்ச்ட் எர்த் போதும்: ஒரே கீபோர்ட்டில் முறை மாறி மாறிப் பத்துப் பேர் வரை விளையாடலாம்.

1994இன் ஜாஸ் ஜாக்ரபிட்டை டோஸ்பொக்ஸ் இல்லாமல் நேரடியாக ஓட்டினால் 'ரன்டைம் எரர் 200' வந்து நின்றுவிடும். அந்தக் காலத்து நிரலின் வேகக் கணக்குக்கு பென்டியம் 4 புரொசசர் மிஞ்சிய வேகம். டோஸ்பொக்ஸில் சைக்கிளை (கேம் ஓடும் வேகத்தைத் தீர்மானிக்கும் எண்) மெக்ஸ் என்று விடாமல் 12,000இல் நிறுத்திப் பாருங்கள்.